ஒரே தாயின் புழுக்கள், நான்கு செடிகள்: புரொடீனியா வளர்ப்பில் நான் கற்றவை

புகையிலை வெட்டுப்புழு என்றும் புரொடீனியா என்றும் நாம் அழைக்கும் ஸ்போடாப்டெரா லிட்யூராவின் வாழ்க்கைச் சுழற்சியை எனக்கு நன்றாகத் தெரியும் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். வளர்ப்பு அறையின் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். முட்டை மூன்று நான்கு நாட்கள், புழுப் பருவம் பதினைந்து பதினாறு நாட்கள், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக ஏழெட்டு நாட்கள், பிறகு அந்துப்பூச்சி. ஆமணக்கு இலை கொடுத்து நாங்கள் வளர்த்த புழுக்களிலிருந்து தயாரித்த அட்டவணை அது. பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் பூச்சிகளை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சிகள் திரளாக விழுந்த நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து நாட்களை எண்ணி, வயலில் இன்ன தேதியில் புழு இன்ன நிலையில் இருக்கும் என்று சொல்லிவந்தேன். ஆமணக்கு நின்ற வயல்களில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்தது. அதனாலேயே அதை எல்லாப் பயிருக்கும் பொருத்தலாம் என்று எண்ணிவிட்டேன்.

ஒரு பருத்தி வயலில் அந்த எண்ணம் உடைந்தது. கணக்குப்படி புழுக்கள் யாவும் மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டிய நாளில் பகல் வேளையில் சென்று பார்த்தேன். செடிமேல் புழு எதுவும் தென்படவில்லை. இனிக் கூட்டுப்புழுப் பருவம்தான், இலைச்சேதம் நின்றுவிடும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை என்று வயலுக்கு உரியவரிடம் உறுதியாகச் சொன்னேன். நான்காம் நாள் இரவு அவர் என்னை அழைத்துச் சென்று, கையிலிருந்த விளக்கைச் செடிகளின்மேல் அடித்துக் காட்டினார். வளர்ந்த புழுக்கள் இலைகளை ஓரத்திலிருந்து கடித்துத் தின்றுகொண்டிருந்தன. பகலில் மண் வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் ஒளிந்துகொண்டு இரவில் ஏறி மேயும் புழுவைப் பகலில் தேடியது என் முதல் தவறு. பெரிய தவறு அதற்கும் முந்தியது: ஆமணக்கின் நாட்காட்டியைப் பருத்தியின்மேல் போட்டுப் பார்த்திருந்தேன்.

அதன்பின் அதே வளர்ப்பு அறையில், ஒரே தாய்ப்பூச்சி இட்ட ஒரே முட்டைக் குவியலிலிருந்து வெளிவந்த புழுக்களை ஆமணக்கு, நிலக்கடலை, பருத்தி, தக்காளி ஆகிய நான்கு செடிகளுக்குப் பிரித்துக் கொடுத்து வளர்க்கத் தொடங்கினேன். ஒரே குவியலாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். வெவ்வேறு தாய்களின் புழுக்களை வெவ்வேறு செடியில் விட்டால், தெரியும் வேறுபாடு செடியினுடையதா வம்சத்தினுடையதா என்று பிரித்தறிய வழியில்லை. இந்தப் பூச்சி ஒரு குவியலிலேயே 200, 300 முட்டைகள் வரை இட்டு, தன் வயிற்று நுனியின் பழுப்பு நிற ரோமத்தால் மூடி வைப்பதால், அத்தனை உடன்பிறப்புகள் ஒரே நாளில் கிடைப்பது கடினமன்று. பெட்டிகளை ஒரே அலமாரியில் வைத்து, நாள்தோறும் இடம் மாற்றி அடுக்கினேன். பூச்சியின் வளர்ச்சி வேகத்தை வெப்பநிலையும் வலுவாக மாற்றும் என்பதால், சன்னலோரப் பெட்டி ஒன்று இரண்டு பாகை கூடுதலாகச் சூடேறினாலும் முடிவு திரிந்துவிடும்.

முதல் முறை செய்தது வீணாயிற்று. நிலக்கடலைப் புழுக்கள் ஆமணக்குப் புழுக்களைவிட மிகவும் பின்தங்கின. நிலக்கடலை இவற்றுக்கு ஒவ்வாத உணவு என்று குறிப்பேட்டில் எழுதியும்விட்டேன். ஒருநாள் நள்ளிரவில் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மாலையில் பறித்துப் போட்ட நிலக்கடலைச் சிற்றிலைகள் அதற்குள் சுருண்டு காய்ந்திருந்தன. ஆமணக்கின் அகன்ற இலையோ இன்னும் ஈரப்பசையோடு இருந்தது. நான் அளந்துகொண்டிருந்தது செடியின் தரத்தை அன்று, இலை வாடும் வேகத்தை. இலையில் நீர் குறைந்தால் புழு தின்றதை உடலாக மாற்றும் திறனும் குறைந்துவிடுகிறது. அடுத்த முறை எல்லா இலைகளின் காம்பையும் ஈரப் பஞ்சில் சுற்றி, நாளுக்கு இருமுறை புதிய இலை வைத்தேன். நிலக்கடலைக்கும் ஆமணக்குக்கும் இடையே இருந்த இடைவெளி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. வீட்டிலோ பள்ளியிலோ இத்தகைய வளர்ப்பைச் செய்து பார்க்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாம் முறையில் தெரிந்த வேறுபாடுகள் உண்மையானவை. ஆமணக்கில் விடப்பட்ட முதல் நிலைப் புழுக்கள், அதாவது இன்னும் ஒருமுறையும் தோலுரிக்காதவை, கூட்டமாக இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்றன. மறுநாளே இலை சல்லடைபோல் வெளுத்துத் தெரிந்தது. பருத்தியிலும் அவ்வாறே சுரண்டின, ஆனால் அந்தச் சுரண்டல் ஒழுங்கற்றிருந்தது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது, பருத்தி இலையில் கரும்புள்ளிகளாகத் தெரியும் சுரப்பிகளைச் சுற்றியுள்ள திசு மட்டும் தீவு தீவாக மிஞ்சி நிற்பதைப் பல இடங்களில் கண்டேன். காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் அந்தச் சுரப்பிகளில்தான் நிறைந்திருக்கிறது. சின்னஞ்சிறு புழு அவற்றை விலக்கி விலக்கித் தின்பதில் நேரம் போய்விடுகிறது.

தக்காளியில் நடந்தது இன்னும் தெளிவானது. தக்காளி இலையின் நுண்ரோமங்களில் ஒருவகை, நுனியில் பசைத்துளியைத் தாங்கி நிற்கும். அதை உரசினால் விரலில் மஞ்சள் கலந்த பச்சைக் கறை ஒட்டுவதைத் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்த எவரும் அறிவர். முட்டையிலிருந்து வெளிவந்து சில மணி நேரமேயான புழு, கால் மில்லிமீட்டர் அளவே உள்ள தலையோடு அந்த ரோமங்களின் ஊடே நடக்கும்போது பசை கால்களில் திரண்டு கட்டிக்கொள்கிறது. ஒரு புழு முன்காலை விடுவிக்கத் தலையைத் திருப்பி வாயால் கவ்வ, வாயிலும் பசை ஒட்டிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அன்று மாலைக்குள் இறந்துவிட்டது. தக்காளிப் பெட்டியில் நேர்ந்த இறப்புகளில் பெரும்பகுதி முதல் மூன்று நாட்களுக்குள் முடிந்துவிட்டது. அதைத் தாண்டியவை பிழைத்துக்கொண்டன, ஆனால் மெதுவாகவே வளர்ந்தன. கடிபட்ட தக்காளி இலை, புழுவின் குடலில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. காயம்பட்ட தக்காளி, உருளைச் செடிகளில் கடிபடாத இலைகளிலும்கூட அப்பொருள்கள் பெருகுவதை 1972-இலேயே கிரீன், ரையன் என்னும் ஆய்வாளர்கள் இருவர் காட்டியுள்ளனர். எனவே வயிறு நிறையத் தின்றாலும் புழுவுக்கு அதில் கிடைப்பது குறைவு.

புழு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உடலின் நீளத்தைக் கொண்டு கணிக்கும் பழக்கத்தையும் அப்போதுதான் விட்டேன். நன்றாகத் தின்ற நான்காம் நிலைப் புழுவும் பட்டினி கிடந்த ஐந்தாம் நிலைப் புழுவும் நீளத்தில் ஒன்றுபோல் தெரியும். தலை ஓடு அவ்வாறு ஏமாற்றுவதில்லை. ஒரு முறை தோலுரித்த பின் அடுத்த தோலுரிப்பு வரை அது வளர்வதில்லை. ஒவ்வொரு தோலுரிப்பிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பெருக்கிறது. 1890-இல் டையர் என்னும் பூச்சியியலாளர் கண்டு சொன்ன இவ்விதி இந்தப் புழுவுக்கும் பொருந்தி, நிலைக்கு நிலை தலை சுமார் ஒன்றரை மடங்காகிறது. தோலுரிக்கும்போது பழைய தலை ஓடு தனியே கழன்று கீழே விழும். தனித்தனிக் கிண்ணங்களில் புழு வளர்த்தால், எச்ச உருண்டைகளுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சிறு ஓடுகளைப் பொறுக்கி எண்ணினாலே எத்தனை முறை தோலுரித்தது என்பது கணக்காகிவிடும்.

ஆமணக்குக் கிண்ணங்கள் பலவற்றில் நான் ஐந்து ஓடுகள் பொறுக்கினேன். அதாவது ஆறு நிலைகள். தக்காளிக் கிண்ணங்களில் சிலவற்றில் ஆறாவது ஓடு ஒன்று கிடந்தது. அந்தப் புழுக்கள் ஏழாம் நிலைக்குப் போயிருந்தன. கூட்டுப்புழுவாவதற்குத் தேவையான குறைந்த அளவு எடையை எட்டாதவரை புழு உருமாறுவதில்லை. உணவு போதாதபோது மேலும் ஒரு முறை தோலுரித்து, மேலும் சில நாட்கள் தின்று, அந்த எடையை எட்டிய பிறகே மண்ணுக்குள் இறங்குகிறது. பருத்தி வயலில் என் கணக்கு தவறியதற்கான விளக்கம் எனக்கு அந்தச் சிறிய ஆறாவது ஓட்டிலேயே கிடைத்தது. ஏற்கெனவே மெதுவாக வளரும் செடியில், சில புழுக்கள் கூடுதலாக ஒரு நிலையையும் எடுத்துக்கொண்டால், அவை கடைசியாக இறங்கும் நாள் மிகவும் தள்ளிப்போகும். மொத்த இலைச்சேதத்தில் பெரும்பகுதி கடைசி இரண்டு நிலைகளில் நிகழ்வதால், அந்தக் கூடுதல் நாட்கள்தாம் பயிருக்கு அதிகச் சேதம் விளைவிப்பவை.

சராசரியைவிட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது புழுக்களிடையே ஏற்பட்ட சிதறல். ஆமணக்குப் பெட்டியில் முதல் புழு மணலுக்குள் இறங்கிய நாளுக்கும் கடைசிப் புழு இறங்கிய நாளுக்கும் இடையே மூன்று நாட்களே இருந்தன. தக்காளிப் பெட்டியில் அது ஒரு வாரத்துக்கும் மேலாக நீண்டது. ஒரே நாளில் பிறந்த உடன்பிறப்புகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. வயலில் இதன் பொருள் என்னவென்றால், அடுத்த தலைமுறை அந்துப்பூச்சிகள் ஒரே அலையாக வராமல் சிறுகச் சிறுக நெடுநாள் வந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் முட்டைக் குவியல்களைப் பொறுக்கி அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று நிறுத்துகிறவர்கள், பின்தங்கி வந்தவை இட்ட முட்டைகளைத் தவறவிடுவார்கள். நானும் தவறவிட்டிருக்கிறேன்.

கூட்டுப்புழுக்களை எடுத்து எடை போட்டபோது செடியின் தாக்கம் மேலும் விளங்கியது. ஆண், பெண் பிரிக்காமல் எடை போடுவதில் பயனில்லை. பெண் கூடுகள் இயல்பாகவே கனமானவை. ஒரு பெட்டியில் தற்செயலாகப் பெண்கள் கூடுதலாக இருந்தால் அந்தச் செடி நல்ல செடிபோல் தோன்றிவிடும். வயிற்று நுனியை உருப்பெருக்கியில் பார்த்தால், இனப்பெருக்கத் துளைக்கும் கழிவுத் துளைக்கும் இடையே உள்ள தூரம் பெண்ணில் அதிகமாகவும் ஆணில் குறைவாகவும் இருக்கும். அதைக் கொண்டு பிரிக்கலாம். பிரித்துப் பார்த்தபோதும் ஆமணக்குப் பெண்களே கனமானவை, தக்காளிப் பெண்களே மெலிந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தேன் கரைசல் கொடுத்து இணை சேர்த்து வைத்தேன். மெலிந்த பெண்கள் இட்ட குவியல்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் குறைந்திருந்தன. தேன் பூச்சிக்குப் பறக்கவும் உயிர்வாழவும் ஆற்றல் தருகிறது. முட்டைக்கு வேண்டிய புரதமோ புழுவாக இருந்தபோது தின்ற இலையிலிருந்து சேர்த்து வைத்தது. தாய்ப்பூச்சி இன்று இடும் முட்டை, அது குழந்தைப் பருவத்தில் தின்ற இலையின் கணக்கு.

மெலிந்த தாய்களின் வம்சமே நலிந்ததோ என்ற ஐயம் எழுந்தது. தக்காளியில் வளர்ந்த பெண்கள் இட்ட முட்டைகளிலிருந்து வந்த புழுக்களுக்கு ஆமணக்கு இலை கொடுத்துப் பார்த்தேன். அவை ஆமணக்குத் தாய்களின் புழுக்களோடு ஏறக்குறைய சேர்ந்தே வளர்ந்து, சேர்ந்தே மண்ணுக்குள் இறங்கின. பயிரை நாசமாக்கும் திறன் அவற்றில் குன்றவில்லை. நல்ல இலைக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். ஒவ்வாத பயிரில் மெலிந்து கிடக்கும் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பக்கத்து வயலில் நல்ல உணவுச்செடி இருந்தால் ஒரே தலைமுறையில் அது மீண்டுவிடும்.

இடையில் செடியை மாற்றினால் என்னாகும் என்றும் பார்த்தேன். ஆமணக்கில் வளர்ந்த நான்காம் நிலைப் புழுக்களைத் தக்காளிக்கு மாற்றியபோது, அவற்றுள் பல முதல் நாள் முழுவதும் இலையைத் தொடாமல் பெட்டியின் மூடியில் சுற்றிச்சுற்றி வந்தன. பழகிய உணவைத் தேடுகின்றன என்று தோன்றியது. இரண்டாம் நாள் தின்னத் தொடங்கின. இந்த அளவுக்கு வளர்ந்த புழுவை ரோமப் பசையால் தடுக்க முடிவதில்லை. வரப்பிலுள்ள களைகளை எப்போது வெட்டுவது என்ற கேள்விக்கு இதிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. களையில் வளர்ந்த புழுக்கள் இருக்கும்போது அதை வெட்டிச் சாய்த்தால், அவை பட்டினி கிடந்து சாவதில்லை. ஊர்ந்து பயிருக்குள் வருகின்றன, அதுவும் இளம்புழுவைக் கொல்லும் தடைகளையெல்லாம் தாண்டிய வயதில் வருகின்றன. களையை விதைப்புக்கு முன்போ புழுக்கள் மிகச் சிறியவையாக இருக்கும்போதோ அகற்ற வேண்டும். காலம் கடந்துவிட்டால், முதலில் களைமேலுள்ள புழுவை அழித்துவிட்டுப் பிறகு களையை வெட்ட வேண்டும்.

வயலைச் சுற்றி ஆமணக்கைப் பொறிப்பயிராக, அதாவது பூச்சியைத் தன்பால் இழுக்கும் பயிராக, நடும் முறையை நான் இன்றும் பரிந்துரைக்கிறேன். பெரிய கூண்டில் நான்கு செடிகளையும் வைத்துப் பூச்சிகளை விட்டபோது குவியல்களில் அதிகமானவை ஆமணக்கிலேயே இருந்தன. எனினும் தாய்ப்பூச்சியின் தேர்வை முழுதாக நம்பிவிட முடியாது. அதே கூண்டில் தக்காளியிலும் சில குவியல்கள் இருந்தன, கூண்டின் வலையிலும் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளைத் தின்று வாழும் பூச்சி இது. தாய் எங்கே முட்டையிட்டாலும் பிள்ளைகளில் சில எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும். ஆகவே ஆமணக்கைப் பார்ப்பதோடு பயிரையும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது, ஆமணக்கை நட்டுவிட்டுக் கவனிக்காமல் இருப்பது நடாமல் இருப்பதைவிடக் கேடானது. முட்டை மூன்று நான்கு நாட்களில் பொரிந்துவிடுவதால், இரண்டு நாட்களுக்கு ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பார்த்து, பழுப்பு ரோமம் போர்த்திய குவியல்களையும், சல்லடையாக வெளுத்த இலைகளையும் அப்படியே கிள்ளி அழிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால், மிகச் சிறந்த உணவைக் கொடுத்து மிகக் கனமான தாய்ப்பூச்சிகளை நாமே வளர்த்து அனுப்பியவர்கள் ஆவோம்.

ஒரே செடியிலும் எல்லா இலையும் ஒன்றன்று. பருத்தியின் இளம் இலை, நடுத்தர இலை, முதிர்ந்த இலை மூன்றையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோது, முதிர்ந்த இலையில் வளர்ந்தவை தெளிவாகப் பின்தங்கின. முதிர்ந்த இலையில் தழைச்சத்தும் நீரும் குறைவு, நார்த்தன்மை அதிகம். தேவைக்குமேல் தழைச்சத்து உரம் இட்டுப் பயிரைக் கரும்பச்சையாகத் தழைக்க வைப்பவர்களிடம் இதைத்தான் விளக்குகிறேன்: அந்தச் செழுமையில் பங்கு புழுவுக்கும் போகிறது.

மெதுவாக வளரும் புழுவால் ஒரு நன்மையும் உண்டு. இளம்புழுவாக இருக்கும் நாட்கள் நீளும்போது, ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் சிலந்திகளுக்கும் நாவாய்ப்பூச்சிகளுக்கும் அதைப் பிடிக்கக் கூடுதல் நாட்கள் கிடைக்கின்றன. ஒவ்வாத பயிரில் முதல் வாரத்திலேயே பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தைத் தெளித்தால் இந்த உதவியை நாமே கெடுத்துக்கொள்கிறோம். புழுக்களுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசலுக்கு இளம்புழுக்களே எளிதில் இரையாகும் என்பதால், அதற்கும் இந்த நீண்ட இளம்பருவம் வாய்ப்பளிக்கிறது. ஆனால் இங்கும் செடி குறுக்கிடுகிறது. பருத்தி இலைப்பரப்பின் காரத்தன்மை வைரஸின் வீரியத்தைக் குறைக்கக்கூடியது; வெயிலின் புற ஊதாக் கதிரும் அவ்வாறே. எனவே மாலையில், இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க வேண்டும். ஆமணக்கில் ஒருமுறை தெளித்துப் பலன் கண்டதை வைத்துப் பருத்தியிலும் ஒருமுறை போதும் என்று முடிவுசெய்யக் கூடாது.

சுவரிலிருந்த பழைய அட்டவணையை எடுத்துவிட்டேன். இப்போதுள்ளதில் ஒவ்வொரு பயிருக்கும் தனி வரிசை இருக்கிறது. சராசரி நாளுக்குப் பதிலாக முதல் புழு இறங்கும் நாள், கடைசிப் புழு இறங்கும் நாள் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. யாரேனும் குப்பியில் ஒரு புழுவைக் கொண்டுவந்து காட்டினால், எந்தச் செடியில், செடியின் எந்தப் பகுதியில் இருந்தது என்று கேட்டு, அந்த இலையையும் கொண்டுவரச் சொல்கிறேன். அடுத்த பருவத்தில் அந்தப் பருத்தி வயலுக்கே மீண்டும் சென்றேன். பழைய கணக்குப்படி எல்லாம் முடிந்திருக்க வேண்டிய நாளுக்குப் பிறகும், நானும் அவரும் ஓர் இரவு விட்டு ஓர் இரவு விளக்கோடு நடந்து, வரிசைக்குப் பத்துச் செடிகள் வீதம் பார்த்து எண்ணினோம். தொடர்ந்து மூன்று முறை ஒரு புழுவும் அகப்படாத பிறகே, முடிந்தது என்று அவரிடம் சொன்னேன்.